தீவனத் தொட்டியில் அப்பா படுத்த கதை

அன்பு மகள் கார்லாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நெப்ராஸ்காவில் நான் நலம், கன்றுகள் நலம், உன் அப்பாவும் முக்கால்வாசி நலம். மீதிக் கால்வாசி அவருடைய இடுப்பில் சிக்கியிருக்கிறது. நார்வே குளிரில் நீ முழுசாக நலமாயிருக்க வேண்டும், கம்பளிக் காலுறை போடாமல் வெளியே போகாதே.

போன செவ்வாய்க்கிழமை இரண்டு லாரிகளில் நூற்றெண்பது கன்றுகள் நம் பட்டிக்கு வந்து இறங்கின. அன்று காலைதான் தாயிடமிருந்து பிரித்தவை, பால் மறக்காதவை. மூன்று நாள் ஓயாத கதறல், போனில் பேசினால் மறுமுனையில் உங்கள் வீட்டில் யாருக்கு என்ன ஆச்சு என்று பதறுகிறார்கள். கதறினாலும் பரவாயில்லை, சாப்பிட வேண்டுமே! மேய்ச்சல் நிலத்தில் வளர்ந்ததுகளுக்குத் தீவனத் தொட்டி என்றால் என்னவென்றே தெரியவில்லை, வேலியோரமாக நடந்துகொண்டே இருந்தன. இரண்டு கன்றுகள் காதைத் தொங்கப் போட்டுவிட்டன. வியாழக்கிழமை மாட்டு டாக்டர் வந்து, வயித்துல ஏதாவது போனாத்தான் என் மருந்து வேலை செய்யும், நாளைக்குள்ள வாய் வைக்கலைன்னா சிரமம்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பாவுக்கு முகமே செத்துவிட்டது.

அவரும் சும்மா இருக்கவில்லை. ஓடைத் தண்ணீர் மட்டுமே அறிந்த கன்றுகளுக்குச் சத்தம் கேட்கட்டும் என்று தண்ணீர்த் தொட்டிக் குழாயைச் சொட்ட விட்டார். மக்காச்சோளத்தைக் குறைத்து, மேலே நீளமான காய்ந்த புல்லைப் பரப்பினார். முதல் வாரமே சோளத்தை அள்ளிக் கொட்டினால் வயிறு கெடும் என்று உனக்கே தெரியும். கன்றுகள் வந்தன, முகர்ந்தன, தும்மின, போய்விட்டன. பிறகு சாப்பிட்டுக் காட்டுவதற்காகப் பக்கத்துப் பண்ணை எமிலின் கிழட்டுப் பசுவை இரவல் வாங்கி வந்தார். அது தானே ஒன்பது பேர் சாப்பாட்டைத் தின்றுவிட்டு, கிட்டே வந்த கன்றுகளையெல்லாம் முட்டித் துரத்தியது.

வெள்ளிக்கிழமை காலை, புல்லை உதறிவிடுகிறேன் என்று அப்பா தொட்டிக்குள்ளேயே ஏறினார். குனிந்தவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது, அப்படியே மல்லாந்து விழுந்தார். நான் கொலாச்சி ரொட்டி மாவு அப்பிய கையோடு ஓடினேன். தீவன வண்டி ஓட்டும் ரமோனா நல்லவேளை பார்த்துவிட்டாள், இல்லாவிட்டால் உன் அப்பா மேல் இரண்டாயிரம் கிலோ தீவனம் விழுந்திருக்கும். ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கப் போனால், தொடாதீங்க என்று பல்லைக் கடித்தார். வலி என்று நினைத்தேன். இல்லை. ஒரு சிவப்புக் கன்று அவருடைய பூட்ஸை முகர்ந்துகொண்டிருந்தது. படுத்துக் கிடக்கும் மனிதனை அதுகள் எங்கே பார்த்திருக்கும்! அவர் காதை நக்கிப் பார்த்தது, பிறகு அக்குளுக்கடியில் இருந்த புல்லை இழுத்து மெல்லத் தொடங்கியது. பின்னாலேயே பத்து, இருபது.

அட மனுஷா, இடுப்பு என்னாவுறது என்றேன். இடுப்பு எங்கடி போயிடப் போவுது, கன்னு போயிடும், பேசாம இரு என்றார். ரமோனா மெதுவாக, முதலாளி, கழுத்துப் பக்கம் இன்னும் கொஞ்சம் போடவா என்று கேட்டுக் கேட்டுப் புல்லைத் தூவினாள். ஒரு மணி நேரம் கிடந்தார். தொப்பியில் பாதி கன்றுகளின் வாய்க்குள் போய்விட்டது. நாக்குப் பட்டுக் கூச்சம் தாங்காமல் சிரிப்பு வேறு, சிரித்தால் இடுப்பு குத்துகிறது, அழுகையும் சிரிப்புமாகக் கிடந்தார். காது தொங்கிய இரண்டும் வந்து தின்றபோது நானும் அழுதுவிட்டேன், ஒத்துக்கொள்கிறேன். மூன்று நாளைக்குப் பிறகு முதல்முறையாகப் பட்டியில் கதறல் இல்லை, புல்லை மென்று அரைக்கும் சத்தம் மட்டும்.

பழைய கதவொன்றில் கிடத்தி வீட்டுக்குத் தூக்கி வந்தோம். மாட்டு டாக்டர் கன்றுகளுக்கு ஊசி போட்டுவிட்டு, உங்க எடைக்கு என்கிட்ட மருந்துக் கணக்கு இல்லீங்க என்று அப்பாவிடம் கையை விரித்துவிட்டார். இப்போது கன்றுகள் வண்டிச் சத்தம் கேட்டாலே வரிசையில் நிற்கின்றன.

நேற்று எமில் போன் செய்தார். அவருக்குத் திங்கட்கிழமை கன்றுகள் வருகின்றனவாம், உன் அப்பா லூமிரை ஒரு மணி நேரம் அனுப்ப முடியுமா என்று கேட்டார். கேலி இல்லை கண்ணு, நிஜமாகவே கேட்டார். நான் திட்டலாம் என்று வாயைத் திறப்பதற்குள் சோபாவிலிருந்து அப்பா, எத்தனை மணிக்குன்னு கேளு என்றார்.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, போகக் கூடாது என்று நீதான் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும், சிரிக்காமல் சொல். கடவுள் உன்னை எந்தக் குறையும் இல்லாமல் காக்கட்டும். வேளாவேளைக்குச் சாப்பிடு.

என்றும் உன் அன்பு அம்மா,
மார்லீன்