கருவாட்டுத் தடையும் மைசூர் வெனிலாவும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உள்ளங்கையில் சூடம் ஏற்றிச் சத்தியம் செய்துவிட்டுத் தொடங்குகிறேன்: இனி நான் எழுதப்போகும் கதையை ஈரேழு பதினான்கு உலகத்திலும் ஒருவர்கூட நம்பமாட்டார். நம்பவும் வேண்டாம். என் பேச்சை நம்பிய ஆள் என்று இந்தக் குடும்பத்தில் என் தங்கை புருஷன் நீங்கள் ஒருவர் இருந்தது போதும்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகள் என்னை ஐஸ்கிரீம் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். "ஒரு வெனிலா கொடும்மா" என்றேன். கல்லாவில் நின்ற பெண், "எந்த ஊர் வெனிலா சார்? மடகாஸ்கரா, மெக்சிகோவா, தாகித்தியா?" என்றாள். நம் காலத்தில் வெனிலா என்றால் ஒரு மஞ்சள் நிறம், ஒரு மரக்கரண்டி, அவ்வளவுதானே. அதற்கு ஊர் பேர் எல்லாம் யார் கேட்டார்கள்? நான் திருதிருவென விழிப்பதைப் பார்த்து மூன்றிலும் ஒவ்வொரு கரண்டி கொடுத்தாள். மடகாஸ்கர், சுண்டக் காய்ச்சிய பால் மாதிரி இருந்தது. மெக்சிகோவுக்குள் யாரோ ஒரு கிராம்பை ஒளித்து வைத்திருந்தார்கள். தாகித்தி வாயில் போட்டதும் பூக்கடைக்குள் தடுக்கி விழுந்தது போல் ஆகிவிட்டது.

"மைசூர் வெனிலா இல்லையாம்மா?"

"மைசூர்ல வெனிலா வெளையாது சார்."

நான் வாயைத் திறப்பதற்குள் உங்கள் மகள் என் காலை மிதித்தாள். "மாமா, ப்ளீஸ். இங்க வேண்டாம்." அங்கே அடக்கியதைத்தான் இங்கே கொட்டுகிறேன்.

ஆரம்பித்து வைத்த பாவி நான்தான். அப்போது மைசூர் மண்டி மொஹல்லாவில் மிளகும் ஏலக்காயும் மொத்தமாக வாங்கி விற்கும் கடையில் எனக்குக் கணக்குப்பிள்ளை வேலை. குடகிலிருந்து சரக்கு கொண்டுவந்த தோட்டக்காரர் ஒருவர் கைநீளத்துக்கு ஒரு பச்சைக் கொடித்துண்டைக் காட்டி, இதுதான் வெனிலா, மிளகைவிடப் பெரிய மகாராணி என்றார். கேட்டு வாங்கிக்கொண்டு வந்து உங்கள் கையில் கொடுத்தேன். "மாப்ளே, இதோட காய் ஒண்ணு போதும், மைசூர் மகாராஜா வீட்டுப் பாயசமே மணக்கும்" என்று வழக்கம்போல அளந்தேன். நீங்கள் கொடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டீர்கள்.

"நம்மூர்ல வருமா மச்சான்?"

"வராது. மழை பத்தாது."

அந்த 'வராது'தான் நான் செய்த தப்பு. ஹெப்பாள் தொழிற்சாலையில் லேத் மெஷின் ஓட்டிய மனுஷன் நீங்கள். எந்த உருப்படியையாவது யாராவது 'இது வராது' என்று சொல்லிவிட்டால், அது வரும்வரை நீங்கள் வீட்டுக்கு வரமாட்டீர்கள். இதைத் தெரிந்தே அந்த வார்த்தையைச் சொல்லலாமா நான்?

அடுத்த ஞாயிறே என்னைக் கிளப்பிக்கொண்டு குடகுக்குப் போனீர்கள். காப்பிச் செடிகளின் நிழல், காலை பத்து மணிக்கும் விலகாத பனி, அதற்குள் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஏறும் கொடி. தோட்டக்காரர் பதப்படுத்திய காய் ஒன்றைக் கொடுத்தார். கறுப்பாக, சுருங்கி, செருப்பு வார் மாதிரி இருந்தது. மோந்து பார்த்த நீங்கள் ரொம்ப நேரம் மூச்சை வெளியே விடவில்லை. "கேரளாக் காயும் இதே வாசந்தானுங்களா?" என்று கேட்டீர்கள். இல்லை என்றார் அவர். ஒரே தாய்க்கொடியிலிருந்து வெட்டி நட்டாலும் கடற்கரைப் பக்கம் போனால் ஒரு வாசம், மலைக்கு வந்தால் இன்னொரு வாசம். மழை, நிழல், மண், காயப்போடும் வெயில், எல்லாம் காய்க்குள் போய் உட்கார்ந்துகொள்ளும் என்றார்.

திரும்பும் பஸ்ஸில் ஹுணசூர் வரும்வரை அந்தக் காயையே மோந்துகொண்டு வந்தீர்கள். பிறகு என் தொடையில் தட்டிச் சொன்னீர்கள்: "காய்க்கு ஊர் இருக்கு மச்சான். அப்போ மைசூருக்கும் ஒரு வாசம் இருந்தே ஆகணும்."

அதன்பிறகு உங்கள் கொல்லைப்புறத்தில் நடந்தது தோட்டவேலை அல்ல, படையெடுப்பு. கல்யாண முருங்கையில் கொடியை ஏற்றினீர்கள். மழை பத்தாது என்றேன் அல்லவா? என் கடையிலிருந்தே சாக்குகளை வாங்கிப்போய், மிளகு வாசம் போக ஏழு தடவை அலசி, நனைத்து, மரத்தைச் சுற்றித் தொங்கவிட்டீர்கள். வேலைக்குப் போகுமுன் ஒருமுறை, வந்ததும் ஒருமுறை தண்ணீர் தெளிப்பு. ஆறே மாதத்தில் அந்தக் கொல்லையில் ஏறிய ஈரத்துக்கு, அக்கம்பக்கத்தில் நாலு வீட்டு அப்பளம் காயவில்லை. குடகிலிருந்து தவளைகள் குடும்பத்தோடு குடிபெயர்ந்து வந்தன. நான் ஒரு டம்ளர் காப்பி குடித்துமுடிப்பதற்குள் என் செருப்பில் காளான் பூத்தது.

என் தங்கை சரசு இதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள், ஒரு நிபந்தனையோடு. உங்கள் வீட்டில் இருந்ததே கையகலக் கொல்லை. அதில் ஒரு ஷீட் கொட்டகை போட்டுத் தையல் மெஷினை வைக்கவேண்டும் என்பது அவள் பல வருடத்து ஆசை. "நாலு வருஷம் பார்ப்பேன். காய் வந்து, அது வெனிலாதான்னு விஷயம் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் சொல்லட்டும். சொல்லலேன்னா அரிவாள் நான் எடுப்பேன்" என்றாள். நீங்கள் சரி என்றீர்கள். பேச்சு மாறுகிற ஆள் இல்லை நீங்கள் என்பது அவளுக்கும் தெரியும்.

மூன்றாம் வருடம் மாசியில் பூத்தது. காலையில் விரிந்து மத்தியானத்துக்குள் வாடிவிடும் பூ. தேனீயை நம்பினால் ஆகாது, நாமே குச்சியால் மகரந்தத்தைத் தொட்டு ஒட்டவைக்கவேண்டும். கம்பெனி பஸ் ஏழு மணிக்கு. நீங்கள் ஆறு மணிக்கு ஸ்டூல்மேல் ஏறி, விளக்குமாற்று ஈர்க்குச்சியால் ஒவ்வொரு பூவாக, கண் ஆபரேஷன் செய்கிற டாக்டர் மாதிரி நிற்பீர்கள். பஸ் டிரைவர் ஹாரன் அடித்தால் ஈர்க்குச்சியைக் காதில் செருகிக்கொண்டே ஓடுவீர்கள். தேறியது பதினொரு காய். நான் ஊருக்குள் சொன்ன கணக்கு நானூறு.

ஒன்பது மாதம் கழித்துப் பறித்து, வெந்நீரில் முக்கி, கம்பளியில் சுற்றி, வெயில் காட்டி, திரும்பச் சுற்றி வைக்கிற வேலை தொடங்கியது. அன்றைக்குத்தான் அந்தப் புகழ்பெற்ற சட்டத்தைப் போட்டீர்கள். காய் காய்ந்து முடியும்வரை வீட்டில் கருவாடு கிடையாது. சாம்பிராணி கிடையாது. தாளிப்பதாக இருந்தால் கதவைச் சாத்திவிட்டுத் தாளிக்கவேண்டும்.

"மைசூர் வாசம் மட்டுந்தான் ஏறணும், சரசு."

"மைசூர் வாசம்னா எதுங்க? எதிர்வீட்டுச் சாக்கடையா?"

பக்கத்து வீட்டு ஜெயம்மாவிடமும் போய், ஊதுபத்தியைக் கொஞ்சம் தெற்கு ஜன்னல் பக்கம் வைக்க முடியுமா என்று கன்னடத்தில் பணிவாகக் கேட்டீர்கள். அந்த அம்மா இடுப்பில் கைவைத்து, "ஏன்ரீ, இனிமே எங்க சாமி மூச்சு விடறதுக்கும் உங்ககிட்ட பர்மிஷன் வாங்கணுமா?" என்று கேட்டது தெருமுனைவரை கேட்டது. ஆனாலும் பத்தி தெற்கே போனது.

மாதக்கணக்கில் பெட்டிக்குள் உறங்கவைத்து எடுத்தீர்கள். அந்த வாரம் எங்கள் கடைக்குக் கொச்சியிலிருந்து ஒரு வியாபாரி வந்தார். கண்ணைக் கட்டிவிட்டாலும் எந்த நாட்டு வெனிலா என்று மோந்தே சொல்லிவிடுவார் என்று பெயர். நாங்கள் அவருக்கு வைத்திருந்த பட்டப்பெயரே மூக்கு. உங்களுக்கு லீவு கிடைக்கவில்லை. பதினொரு காயையும் வெண்ணெய்த்தாளில் சுற்றி என் கையில் கொடுத்தீர்கள்.

"எந்த ஊர்க் காய்னு நீங்க வாயத் தொறக்கக் கூடாது மச்சான். அவரே சொல்லட்டும்."

சாயங்காலம் நான் திரும்பியபோது நீங்கள் கேட்டில் நின்றீர்கள். உங்களுக்குப் பின்னால் சரசு. கையில் அரிவாள் இல்லை, ஆனால் பார்வையில் இருந்தது.

"என்ன சொன்னாரு மச்சான்?"

நான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன். "மாப்ளே, தாளைப் பிரிச்சதுதான் தாமதம். மனுஷன் அப்படியே ஏலக்காய் மூட்டை மேல சாஞ்சுட்டாரு. சோடா வாங்கித் தெளிச்சோம்."

"ஹௌதா! நெஜமாவா?"

"கண்ணுல தாரை தாரையாத் தண்ணி. அவரு கொண்டுவந்த மடகாஸ்கர் காயை எடுத்து ஜன்னல் வழியா வீசிட்டாரு. இது எந்தத் தீவுல வெளஞ்சதுன்னு என் கையப் புடிச்சுக் கெஞ்சறாரு. நான் வாயே தொறக்கல."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னொரு தடவை மோந்தாரு. யோசிச்சாரு. 'இது மைசூரா?'ன்னு கேட்டாரு."

அதுவரை குழந்தை மாதிரி வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்த நீங்கள், அந்த இடத்தில் சிரித்துவிட்டீர்கள். "போங்க மச்சான். மத்ததெல்லாம் சரி, இத மட்டும் அளக்காதீங்க" என்று என் முதுகில் ஒரு அறை விட்டுவிட்டுக் கொடிக்குத் தண்ணீர் தெளிக்கப் போய்விட்டீர்கள். விசிலடித்துக்கொண்டே போனீர்கள்.

சரசு என்னை அடுப்படிக்குள் கூப்பிட்டாள். "அண்ணா, காயை அவர் வாங்கிக்கிட்டாரா?"

நான் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து வைத்தேன். பதினொன்றும் அப்படியே இருந்தன. அவள் ஜன்னல் வழியாக உங்களையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "மெஷினை முன்னறையில போட்டுக்கிறேன். நீ நாளைக்கு வரும்போது அரைக் கிலோ நெத்திலிக் கருவாடு வாங்கிட்டு வா" என்றாள். அரிவாளைப் பற்றி அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சே இல்லை. நீங்கள் இருந்தவரை கொடியும் இருந்தது.

நீங்கள் போய் மூன்று வருடம் ஆகிறது. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? மூட்டைமேல் யாரும் சாயவில்லை. சோடா உடைத்தது எனக்கு, பயத்தில் தொண்டை வறண்டுபோய். மடகாஸ்கர் காய் எங்கேயும் பறக்கவில்லை. அந்த மூக்கு நம் காயை இரண்டுமுறை மோந்தார், ஒன்றை வளைத்துப் பார்த்தார். "வைக்கோல் மணம். இனிப்பு குறைச்சல். மழை பார்க்காத காய், எனக்கு ஆகாது" என்று பொட்டலத்தை என் பக்கம் தள்ளினார். நான் எடுத்துக்கொண்டு வாசற்படி இறங்கும்போது கூப்பிட்டு நிறுத்தினார். மறுபடி ஒரு காயை வாங்கி, மூக்கில் வைத்தபடி தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குக் கால் மாற்றி நிற்கத் தோன்றும் அளவுக்கு நேரம் ஆயிற்று.

"குடகு இல்லை. எங்க ஊரும் இல்லை," என்றார். "இது மைசூரா?"

அது ஒன்று மட்டும் நிஜம், மாப்பிள்ளை.