நூற்று முப்பது கேலன்

ஹூஸ்டன் வடக்கு, டெக்சாஸ்
9 மார்ச் 1997

அன்புள்ள ஸ்வர்ணா,

நீயும் செழியனும் நலம்தானே? நான்கு வருடம் ஹாஸ்டலில் ஒரே அறையில் இருந்தவளுக்குப் புத்தாண்டு அட்டையில் கையெழுத்து மட்டும் போட்டு அனுப்புகிறாய். அந்தக் கோபத்தை இப்போதைக்கு ஒத்திவைக்கிறேன். வேறு கோபம் வந்திருக்கிறது.

ஊருக்கு வெளியே நிலத்தோடு வீடு வாங்கினோம் என்று எழுதியிருந்தேன் அல்லவா? இங்கே முனிசிபல் தண்ணீர் கிடையாது. வீட்டுக்கு வீடு சொந்த போர்வெல்தான். கொஞ்ச நாளாக அந்தத் தண்ணீரில் டர்பன்டைன் வாடை. அன்வர் முதலில் என் மூக்கைக் கேலி செய்தார். பிறகு தஸ்னீம் தொட்டியில் இறங்க மாட்டேன் என்று அழ ஆரம்பித்தாள். "உம்மா, இட் ஸ்டிங்க்ஸ்" என்கிறாள். மூன்று வயதுக் குழந்தை பொய் சொல்லுமா? பக்கத்து வீட்டு மிஸஸ் ஹெர்னான்டஸ் விதவை, இரண்டு குதிரை வளர்க்கிறார். அவை தண்ணீரில் வாய் வைப்பதில்லை.

சாலை முனையில் ஒரு பழைய கேஸ் ஸ்டேஷன் இருக்கிறது. போய்க் கேட்டேன். மேனேஜர் மரியாதையாகத்தான் பேசினார். பூமிக்கடியில் உள்ள பெட்ரோல் டாங்கில் தினமும் குச்சி விட்டு அளக்கிறார்களாம். மாதா மாதம் கணக்கில் குறைவது அனுமதித்த அளவுக்குள்தான் இருக்கிறதாம். "வீ மீட் த ஸ்டாண்டர்ட், மேடம்" என்றார்.

காணாமல் போவதற்கும் அனுமதித்த அளவு உண்டா? நீ டாங்க் கம்பெனியில்தானே இருக்கிறாய். எனக்குப் புரிகிற மாதிரி எழுது.

உன்
பத்ரு


வெஸ்ட் வின்ட்சர், நியூ ஜெர்சி
2 ஏப்ரல் 1997

என் பத்ருவுக்கு,

முதலில் அந்தத் தண்ணீரைக் குடிப்பதை நிறுத்து. சமைக்காதே, குழந்தையையும் குளிப்பாட்டாதே. மாநில சுற்றுச்சூழல் அலுவலகத்துக்கு போன் செய்து, தண்ணீரை லேபில் சோதிக்கச் சொல்.

கேட்டதற்குப் பதில்: ஆம், அளவு உண்டு. மாதம் விற்ற பெட்ரோலில் நூற்றில் ஒரு பங்கு, அதோடு இன்னும் நூற்று முப்பது கேலன். அதற்குள் கணக்கு உதைத்தால் கசிவு என்று சொல்ல வேண்டியதில்லை. வெயிலில் பெட்ரோல் விரியும், குளிரில் சுருங்கும், குச்சியால் அளப்பது துல்லியமாக இருக்காது. அதனால்தான் இந்தச் சலுகை. பழைய டாங்குகளை மாற்றப் பத்து வருடம் அவகாசம் கொடுத்தார்கள். அடுத்த வருடம் டிசம்பரில் முடிகிறது. அதற்குப் பிறகு இந்தத் தொல்லை இருக்காது.

உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. எங்கள் துறையில் இந்த அளவுமுறைகளை எழுதும் கமிட்டியில் கம்பெனி சார்பில் நானும் இருக்கிறேன். போன முறை இந்த எண் வந்தபோது சரி என்று ஓட்டுப் போட்டேன். எல்லோரும் ஒத்துப்போகிற ஒன்றைத்தான் எழுத முடியும், பத்ரு. இறுக்கினால் சின்ன ஸ்டேஷன்காரர்கள் கடையை மூட வேண்டியதுதான்.

கவலைப்படாதே. ரிசல்ட் வந்ததும் எழுது.

அன்புடன்
ஸ்வர்ணா


ஹூஸ்டன் வடக்கு
15 ஜூன் 1997

ஸ்வர்ணா,

ரிசல்ட் வந்துவிட்டது. பெட்ரோலில் கலக்கிற ரசாயனம் எங்கள் கிணற்றிலும் இருக்கிறது, மிஸஸ் ஹெர்னான்டஸ் கிணற்றிலும் இருக்கிறது. அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார், நல்ல மனிதர். ஸ்டேஷன் பேப்பரெல்லாம் பார்த்துவிட்டு, கணக்கு விதிக்குள் இருக்கிறது, அதை வைத்து டாங்கைத் தோண்டச் சொல்ல முடியாது என்றார். அது அங்கிருந்துதான் வந்தது என்பதை நாங்கள் நிரூபிக்க வேண்டுமாம். தோண்டாமல் எப்படி நிரூபிப்பது?

அன்வர் ஆபீஸிலிருந்து வரும்போது காரில் தண்ணீர் கேன் கொண்டுவருகிறார். நான் பாத்திரம் கழுவுவதற்குக்கூட யோசிக்கிறேன். எழுபது வயதுக்காரி குதிரைகளுக்குத் தண்ணீர் சுமக்கிறாள். நீ கவலைப்படாதே என்று எழுதுகிறாய்.

பத்து வருட அவகாசம் டாங்குக்குக் கொடுத்தீர்கள். கிணற்றுக்கு யார் கொடுத்தது? நான் ஆம்பூர்க்காரி. தோல் கழிவில் கிணறு உப்பாகிப்போன தெருவில் வளர்ந்தவள். அங்கே அளவு இருந்தது, கேட்க ஆளில்லை. இங்கே கேட்க ஆள் இருக்கிறார்கள், நீங்கள் எழுதிய அளவு அவர்கள் கையைக் கட்டிப்போட்டிருக்கிறது. எது மோசம் என்று நீயே சொல். நீங்கள் ஒத்துப்போன அந்த மேஜையில் கிணற்றுக்காரர்கள் யாராவது உட்கார்ந்திருந்தார்களா?

ஆகஸ்டில் கவுன்டி அலுவலகத்தில் விசாரணைக் கூட்டம். குடிநீர்க் கிணறு பக்கத்தில் இருந்தால் குச்சிக் கணக்கு போதாது, குழாயையும் டாங்கையும் அழுத்தம் கொடுத்துச் சோதிக்க வேண்டும் என்று ஓர் இன்ஜினியர் சொன்னால் அதிகாரிக்குப் பிடிமானம் கிடைக்கும். நீ வர வேண்டாம். ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு.

பத்ரு


வெஸ்ட் வின்ட்சர்
6 ஜூலை 1997

பத்ரு,

என்னால் முடியாது. உன் ஊர் ஸ்டேஷனை நடத்தும் கம்பெனி எங்களிடம் டாங்க் வாங்குகிறது. அவர்களுக்கு எதிராக என் கையெழுத்து போனால் மறுநாள் எனக்கு வேலை இல்லை. என் கிரீன் கார்டு இந்த வேலையில்தான் தொங்குகிறது. செழியன் என் விசாவை நம்பி, வேலை செய்ய அனுமதி இல்லாமல் வீட்டில் இருக்கிறார். உனக்கு கிரீன் கார்டு வந்துவிட்டது, நீ தைரியமாகப் பேசலாம்.

நான் என்ன சும்மா இருக்கிறேன் என்று நினைத்தாயா? அந்தக் கமிட்டி அறையில் நான் ஒருத்திதான் பெண், நான் ஒருத்திதான் வெளிநாட்டுக்காரி. வாய் திறந்தால் என்னை எடுத்துவிட்டு, எதையும் கேட்காத ஒருவனை உட்காரவைப்பார்கள். உள்ளே இருந்து கொஞ்சம் கொஞ்சமாக மாற்றலாம் என்று இருக்கிறேன். உன் கிணறு கெட்டதற்கு நான் ஓட்டை போட்டவள் மாதிரி எழுதுகிறாய். எனக்கும் வலிக்கிறது.

வேறு இன்ஜினியர் பெயர் வேண்டுமானால் தருகிறேன்.

ஸ்வர்ணா


ஹூஸ்டன் வடக்கு
1 செப்டம்பர் 1997

ஸ்வர்ணா,

கூட்டம் முடிந்தது. உன்னிடம் பெயர் வாங்கி, அந்த வேறு இன்ஜினியருக்கு போன் செய்தேன். அந்தக் கம்பெனி பெயரைக் கேட்டதும் வைத்துவிட்டார்.

நானே பேசினேன். கெமிக்கல் இன்ஜினியரிங் படித்ததைச் சொன்னேன். பத்து வருடமாக வேலைக்குப் போகாதவள் என்று கம்பெனி வக்கீல் எடுத்துச் சொன்னார். பிறகு உங்கள் அளவுமுறையை எழுந்து நின்று வாசித்தார். துறையின் நிபுணர்கள் ஒருமனதாக ஏற்றது என்றார். ஒருமனதாக என்ற சொல்லை இரண்டு தடவை சொன்னார். அந்த ஒருமனதில் உன் மனதும் இருக்கிறது.

மிஸஸ் ஹெர்னான்டஸ் குதிரைகளைக் கொடுத்துவிட்டு டல்லஸில் மகனிடம் போய்விட்டார். அந்த வீட்டை யாரும் வாங்க மாட்டார்கள். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "யூ ஹாவ் அ ஃப்ரெண்ட் இன் தட் பிசினஸ், டோன்ட் யூ?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டேன்.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

பத்ருன்னிசா


வெஸ்ட் வின்ட்சர்
11 ஜனவரி 1998

பத்ரு,

எழுதாதே என்றாய். இதைக் கிழித்துப் போட்டாலும் சரி, எழுதுகிறேன்.

நவம்பரில் சிகாகோவில் கமிட்டி கூடியது. பழைய அளவை அப்படியே நீட்டிப்பதாகத் தீர்மானம். எதிர்த்து ஓட்டுப் போட்டேன். வீட்டுக் கிணறு பக்கத்தில் உள்ள இடங்களில் குச்சிக் கணக்கை ஏற்கக் கூடாது, அழுத்தச் சோதனை கட்டாயம் என்று காரணம் எழுதிக் கொடுத்தேன். நீ எழுதிய லேப் ரிசல்டையும் சேர்த்தேன், பெயர் இல்லாமல். தலைவர் காபி இடைவேளையில் தனியாகக் கூப்பிட்டு, வாபஸ் வாங்கிக்கொள், ஒருமனதாக இருந்தால்தான் நமக்கு மதிப்பு என்றார். "தட்ஸ் வை ஐ வோன்ட்" என்றேன்.

தோற்றுவிட்டேன். என் பக்கம் ஒருவர்கூட இல்லை. ஆனால் கமிட்டி விதிப்படி, எதிர்ப்புக்கு எழுத்தில் பதில் சொல்லாமல் அவர்களால் தீர்மானத்தை வெளியிட முடியாது. ஒருமனதாக என்றும் இனிப் போட முடியாது. அந்த எதிர்ப்பின் நகலைக் கையெழுத்துப் போட்டு உங்கள் மாநில அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன்.

கம்பெனி என்னைக் கமிட்டியிலிருந்து எடுத்துவிட்டது. கிரீன் கார்டு பற்றிக் கேட்டால், லாயர் பார்ப்பார் என்கிறார்கள். செழியன் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. இதையெல்லாம் உனக்காகச் செய்தேன் என்று சொல்ல வரவில்லை. அந்த வக்கீல் வாசித்தது நீ எழுதிய நாளிலிருந்து காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. அவர்கள் மீது எனக்கு வந்த கோபம் உன்னுடையதைவிடக் குறைந்ததல்ல.

ஸ்வர்ணா


ஹூஸ்டன் வடக்கு
19 ஏப்ரல் 1998

ஸ்வர்ணா,

போன வாரம் தோண்டினார்கள்.

நீ மாநில அலுவலகத்துக்கு அனுப்பிய நகலை பிப்ரவரியிலேயே அந்த அதிகாரி எனக்குக் காட்டினார். துறைக்குள்ளிருந்தே ஒருவர் இந்த அளவு போதாது என்று எழுதியிருப்பதால், அழுத்தச் சோதனைக்கு உத்தரவு போடத் தனக்கு வழி கிடைத்தது என்றார். சோதனையில் டாங்க் தேறியது. குழாய் தேறவில்லை. வேலிக்கு வெளியே நானும் அன்வரும் நின்று பார்த்தோம். பம்புக்குக் கீழே குழாய் வளையும் இடத்தில் துருப்பிடித்து, ஊசி நுழைகிற ஓட்டை. மண் கறுத்துப்போய், நாற்றம் சாலை வரை வந்தது. அந்த மேனேஜர் பக்கத்தில் வந்து, தனக்குத் தெரியாது என்றார். கணக்கு அப்போதும் விதிக்குள்தான் இருந்ததாம்.

கம்பெனி மண்ணை அள்ள வேண்டும், எங்களுக்குக் குழாய்த் தண்ணீர் இழுத்துத் தர வேண்டும் என்று உத்தரவு. கிணறு எத்தனை வருடத்தில் சுத்தமாகும் என்று யாருக்கும் தெரியவில்லை.

நீ இழந்தது எனக்குத் தெரிகிறது. அதைப் படித்து அழுதேன். அதற்காக ஒன்றைச் சொல்லாமல் விட மாட்டேன். ஜூலையில் நீ இதை எழுதியிருந்தால் மிஸஸ் ஹெர்னான்டஸ் அவர் வீட்டில் இருந்திருப்பார். நேற்று அவருக்கு போன் செய்து ஓட்டையைப் பற்றிச் சொன்னேன். நல்லது என்றார். திரும்பி வருவீர்களா என்று கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டார்.

உன் மேல் கோபம் போகவில்லை. இதற்குப் பதில் எழுதாதே. நீ எழுதினால் அழகாக எழுதுவாய், நான் இளகிவிடுவேன், பாதியிலேயே எல்லாம் முடிந்துவிடும். டிக்கெட் போட்டு நேரில் வா. உன் முகத்தைப் பார்த்துச் சண்டை போட வேண்டும். எவ்வளவு நாள் ஆகும் என்று தெரியாது, அதனால் பெரிய பெட்டியாகக் கொண்டு வா.

பத்ரு