இருளாயி கேட்ட அட்டிகை

பீடோர், மலாயா
1927, ஆகஸ்டு

பிரியமுள்ள அம்மாவுக்கு, பியாட்ரிஸ் வணக்கத்துடன் எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தணிந்ததா? தம்பி இதை அவசரப்படாமல் வாசித்துக் காட்டட்டும்.

தோட்டப் பள்ளியில் வேலை அதிகம். ஆனாலும் கல்லூரியில் தொடங்கிய பழக்கத்தை விடவில்லை. தினமும் ஒரு படம் வரைகிறேன். ஆட்கள் ரப்பர் மரங்களில் பால் வெட்டப் போனபின், பள்ளி மணி அடிக்கும்வரை கொஞ்சம் நேரம் கிடைக்கிறது. முடியாத நாளில் ஓர் இலையோடு சரி.

போன வாரம் மழையால் பால்வெட்டு நின்றது. பக்கத்து லயத்து வீட்டில் குடியிருக்கும் இருளாயி, ஊரிலுள்ள தன் தாய்க்கு அனுப்பத் தன்னை வரையச் சொன்னாள். வரைந்து காட்டினேன். முகம் சுளித்தாள்.

"கழுத்து மூளியா இருக்கே டீச்சரம்மா. ஒரு அட்டிகை போடுங்க."

"ஒங்கிட்ட அட்டிகை இல்லையே."

"அது எங்காத்தாவுக்குத் தெரியுமா? மலாயா போயும் மக இப்படியா இருக்கான்னு அழும். பென்சில்தானே, தங்கமா கேட்டேன்?"

உள்ளதை மட்டுமே வரைவது என்று இருந்தவள் நான். ஆனால் போட்டுக் கொடுத்தேன், சிவப்புக் கல்லும் வைத்து.

மிருதுவான பென்சில் இரண்டும் நார்த்தங்காய் ஊறுகாயும் அனுப்புங்கள். வீட்டுச் செய்தி எல்லாவற்றையும் தம்பி எழுதட்டும், சின்னச் செய்தியானாலும் சரி. நீங்கள் கேட்டபடி, கண்ணாடி பார்த்து என்னையும் வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். பிள்ளைகள் வந்துவிட்டார்கள், முடிக்கிறேன். படத்தில் கன்னம் நன்றாக நிறைந்திருக்கிறது. அதைப் பார்த்து நிம்மதியாக இருங்கள்.

உங்கள் மகள்,
பியாட்ரிஸ்