நீ நீக்கச் சொன்ன கிணற்றுக் கணக்கு

ஆரம்பாக்கம்,
12.10.2008, ஞாயிறு.

மைத்துனர் யேசுதாஸுக்கு ராஜமாணிக்கம் எழுதுவது.

சுகம் கேட்டு எழுதும் கடிதம் அல்ல இது. உன் அக்கா இருந்திருந்தால் முதல் வரியிலேயே உன் பிள்ளைகளை விசாரித்திருப்பாள். அவள் போய் மூன்று வருடமாகிறது. நான் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

வெள்ளிக்கிழமை திருவள்ளூரில் எங்கள் கிணற்று விசாரணை நடந்தது. சாயக் கம்பெனியின் வக்கீல் எழுந்து விசாரணைக் குழுவின் முன் ஒரு தாளை வைத்தார். அடியில் உன் பெயர். புனேயில் நீயும் உன் கூட்டாளிகளும் சேர்ந்து இலவசமாக வெளியிடுகிறீர்களே லினக்ஸ் தொகுப்பு, அதிலிருந்து ‘பிளூம்’ புரோகிராமை நீக்கிவிடலாம் என்று நீ உங்கள் குழுவுக்குப் போட்ட மெயில். செத்துப்போன மென்பொருள் என்று எழுதியிருக்கிறாய். எந்த நாடியைப் பிடித்துப் பார்த்தாய்?

வக்கீல் சிரித்துக்கொண்டே சொன்னார்: “இவர் நம்பி வந்திருக்கிற கணக்கை, அதை வைத்திருப்பவர்களே குப்பையில் போடுகிறார்கள்.” நான் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில், பதினொரு கிணற்றுக்காரர்களில் ஒருத்தியான ஞானம்மா. அவள் குரலை அடக்கத் தெரியாதவள் என்று உனக்குத் தெரியும். “இன்னா மாணிக்கம், உன் மச்சானே உன்ன வுட்டுக் குடுத்துட்டானா?” என்றாள். எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தாகூட நிமிர்ந்து பார்த்தார்.

உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் மறந்தவன் மாதிரி நடப்பதால் எழுதுகிறேன். கம்பெனியின் கழிவுக் குழிக்குக் கிழக்கே பதினொரு கிணறுகள். எல்லாவற்றிலும் உப்பு. கம்பெனி சொல்கிறது, பழவேற்காடு பக்கம், கடல் உப்புதான் என்று. குழியிலிருந்து எந்தக் கிணற்றுக்கு எவ்வளவு உப்பு மண்ணுக்குள் நகர்ந்து வரும் என்று பிரித்துச் சொல்ல எங்களிடம் இருப்பது பிளூம் ஒன்றுதான். இதற்கு முந்தைய விசாரணையில் குழுத் தலைவர், இது நீங்களே எழுதிய புரோகிராமா என்று கேட்டார். நான் உங்கள் தொகுப்பின் சிடியை மேசைமேல் வைத்து, இது பொதுச் சொத்து ஐயா, யார் வேண்டுமானாலும் ஓட்டிப் பார்க்கலாம் என்றேன். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் எங்கள் காகிதத்தை வாங்கிக்கொண்டார்கள். நீ அதைப் பிடுங்குகிறாய்.

பயன்படுத்துவோர் மூன்றே பேர் என்று எழுதியிருக்கிறாய். எப்படி எண்ணினாய்? இணைய இணைப்பு உள்ள கணினிகள் தாமாக அனுப்பும் கணக்கைத்தானே? இங்கே எந்தக் கணினிக்கு இணைப்பு இருக்கிறது? 2004 கிறிஸ்துமஸுக்கு வந்தபோது நீயே கொடுத்த சிடி. அதை நகல் எடுத்து நான் கொடுத்தவர்கள் ஒன்பது பேர். பொன்னேரியில் அப்துல் வஹாப் இறால் பண்ணைக்கு அதைத்தான் ஓட்டுகிறார். உன் கணக்கில் நாங்கள் யாரும் பிறக்கவே இல்லை.

பழைய ஃபோர்ட்ரான் மொழியில் எழுதியது, புதிய கம்பைலரில் ஏறவில்லை, பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்பது உன் அடுத்த புகார். ரோலிங் மில் ஆய்வுக்கூடத்தில் பாட்டில் கழுவப் போனவன் நான். அகராதியை வைத்துக்கொண்டு அந்த ஃபோர்ட்ரானைப் படித்தேன். நீ பொறியியல் கல்லூரியில் படித்தவன். உன்னால் முடியவில்லை என்றால் முடியவில்லை என்று எழுது. செத்துவிட்டது என்று எழுதாதே.

கடைசியாக ஒன்று. ஒரே ஓட்டத்தில் பல கிணறுகளைக் கொடுத்தால், முன் கிணற்றுக் கணக்கின் மிச்சம் அடுத்த கிணற்றின் விடையில் ஏறிவிடுகிறது என்கிறாய். நான்கு வருடமாக நான் ஓட்டுகிறேன். எனக்குத் தெரியாத மிச்சம் உனக்கு எங்கிருந்து தெரிந்தது?

15.10.2008, புதன்.

மேலே உள்ளதைத் திங்கட்கிழமையே தபாலில் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. உன்னைப் பொய்யன் என்று நிரூபித்து, அந்தக் கணக்குத் தாளையும் உள்ளே வைத்து அனுப்பலாம் என்று உட்கார்ந்தேன்.

இங்கே பகலில் இரண்டு மணி நேரம் மின்சாரம் போகிறது. எந்த நேரத்தில் போகும் என்று சொல்வதில்லை. அதனால் பதினொரு கிணறுகளையும் ஒரே கோப்பில் வரிசையாக எழுதி, மின்சாரம் இருக்கும்போதே ஒரே மூச்சில் ஓட்டிவிடுவது என் வழக்கம். இந்த முறை ஒவ்வொரு கிணற்றுக்கும் புரோகிராமை மூடி, மறுபடி திறந்து, தனியாக ஓட்டினேன். இரண்டு நாள் ஆயிற்று.

முதல் கிணறு அதே விடை. இரண்டாவதிலிருந்து எல்லாமே குறைகிறது. குழியின் உப்பால் வரம்பு மீறிய கிணறுகள் ஏழு என்று குழுவிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். உண்மையில் நான்குதான். விடுபட்ட மூன்றில் ஞானம்மாவின் கிணறும் ஒன்று.

அவளிடம் நேற்றே போய்ச் சொன்னேன். அடுப்படியிலிருந்து வெளியே வரவில்லை. உள்ளிருந்தபடியே, “அப்போ என் தண்ணி நல்லாகீதா? ஒரு சொம்பு தரேன், குடிச்சிட்டுப் போ” என்றாள். குழியின் உப்பு உன் கிணற்றில் இல்லவே இல்லை என்று சொல்லவில்லை, வரம்புக்குள் இருக்கிறது என்றுதான் கணக்கு சொல்கிறது என்றேன். “கணக்கு இந்த ஊட்லயா சோறாக்குது?” என்றாள். நான் திரும்பி வந்துவிட்டேன்.

நீ சொன்னது சரி என்று எழுதச் சொல்லாதே. தப்பு இருந்தால் முதலில் எனக்கல்லவா எழுதியிருக்க வேண்டும்? எட்டணா தபால் அட்டை போதும். உலகம் முழுக்கப் படிக்கும் இடத்தில் எழுதினாய். கம்பெனிக்காரன் படித்தான். நான் கடைசியாகப் படித்தேன், அதுவும் எதிராளி கையிலிருந்து வாங்கி.

அடுத்த மாதம் ஏழாம் தேதி விசாரணையில் நான்தான் எழுந்து ஏழு அல்ல, நான்கு என்று சொல்லப் போகிறேன். அவர்கள் கண்டுபிடிக்கும் வரை பேசாமல் இருந்துவிடலாம் என்று இரண்டு பேர் என்னிடம் சொன்னார்கள். அவர்கள் பெயரை எழுத மாட்டேன். நான்கு என்று சொன்னதும், அதையாவது எப்படி நம்புவது என்று கேட்பார்கள். அப்போது பிளூம் அந்தத் தொகுப்பில் இல்லை என்றால், கம்பெனி நான்கையும் பொய் என்னும். ஊரோ நான் விலை போய் மூன்றைக் கழித்துவிட்டேன் என்னும். இரண்டு பக்கத்துக்கும் என் வாயைத் தவிர வேறு சாட்சி இருக்காது. என் வாய்க்கு அங்கே எவ்வளவு மதிப்பு என்று வெள்ளிக்கிழமை பார்த்துவிட்டேன்.

நீக்குவதற்கு இந்த மாதம் முப்பத்தொன்றாம் தேதி என்று நாள் குறித்திருக்கிறாய். நீக்காதே. மிச்சம் ஏறும் இடத்தைத் திருத்து. ஒவ்வொரு கிணற்றுக்கும் முன்னால் பழையதைச் சுழியாக்கினால் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. எந்தெந்த வரிகள் என்று குறித்து இதனுடன் வைத்திருக்கிறேன். முன் பதிப்பில் தப்பு இருந்தது என்று கொட்டை எழுத்தில் போடு, எனக்கு வெட்கமில்லை. பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்ற இடத்தில் என் பெயரைப் போட்டுக்கொள். பதினொரு கிணறுகளின் அளவுகளும் தனித்தாளில் இருக்கின்றன. நீயே ஓட்டிப் பார். என்ன விடை வருகிறதோ அதை, நான்கோ மூன்றோ ஒன்றுமில்லையோ, அதே இடத்தில் உன் பெயரோடு எழுது.

உன் பிள்ளைகளைக் கர்த்தர் காப்பாராக. ஏழாம் தேதி வெள்ளிக்கிழமை, காலை பதினோரு மணி, திருவள்ளூர். உன்னைக் கூப்பிடவில்லை. வந்தால், ஞானம்மா ஏதாவது கேட்பாள். பதிலை நீ சொல். நான் சொன்னால் இனி அவள் நம்ப மாட்டாள்.

இப்படிக்கு,
உன் அக்காள் புருஷன்,
ச. ராஜமாணிக்கம்.