உரசிய ஷாஃப்ட்

அண்ணா,

இன்று காலை ஜீப்பில் முன் அச்சைச் சுழற்றும் ஷாஃப்டுக்கு நானே கிரீஸ் வைத்தேன். கையைச் சோப்புப் போட்டு மூன்று முறை கழுவியும் வாசனை போகவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் சோற்றிலும் அதே வாசனை, உன் சட்டையில் அடிக்குமே, அது. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. உன் மேல் எனக்கிருக்கும் ஆத்திரம் கொஞ்சமும் குறையவில்லை.

மழைக்காலத்தில் ஏரித் தண்ணீர் ஏறினால் நம் குப்பத்துச் சாலை முழங்கால் ஆழத்துக்கு முழுகிவிடும். மீனை வெளியே கொண்டுபோகவும், பிரசவ வலி வந்தவளைக் கொண்டுபோகவும் இந்த ஒரு ஜீப்தான். அதனால் ஸ்பிரிங் பட்டைகளை மாற்றி வண்டியை உயர்த்தினாய். ஊரே வந்து பார்த்தது. நீயும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, என்னவோ கப்பல் கட்டியவன் மாதிரி நின்றாய்.

மறுநாளே சத்தம் ஆரம்பித்தது. முன் சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் கறக் கறக் என்று கேட்கும். நிறுத்திக் குனிந்து பார்த்தால் ஷாஃப்டுக்கும், அதன் கீழே குறுக்காகப் போகும் சைலன்சர் குழாய்க்கும் நடுவில் இரண்டு விரல் இடம் இருக்கும். "எடம் கீதே, எங்க ஒரசுது?" என்று ஒரு வாரம் என்னோடு சண்டை போட்டாய். சமதரையில் இடம் இருக்கிறது, சக்கரம் தொங்கும்போதுதான் ஷாஃப்ட் கீழே சாய்ந்து குழாயில் படுகிறது என்று கடைசியில் கண்டுபிடித்தவனும் நீதான். மூளைக்கு உனக்கு என்ன குறைச்சல்?

சக்கரத்தைத் தொங்கவிட்டுப் பார்க்க வண்டியைத் தூக்கி நிறுத்த வேண்டும். மணலில் ஜாக்கி மட்டும் நிற்காது. அன்று யாரும் கடலுக்குப் போகவில்லை. முட்டுக் கட்டைகள் எல்லாம் படகுகளுக்கு அடியில் இருந்தன. மறுநாள் படகுகள் இறங்கியதும் கட்டை கிடைத்திருக்கும். உனக்குத்தான் ஒரு நாள் பொறுக்கவில்லையே! பிளாஸ்டிக் மீன் பெட்டிகளைக் கவிழ்த்து அடுக்கினாய். நமக்கு நாற்காலி, மேஜை, படிக்கட்டு எல்லாம் அதுதானே. வெயிலும் உப்பும் தின்று அப்பளமாகிப் போன பெட்டி அது என்று குப்பத்தில் யாருக்குத் தெரியாது?

"நாளைக்கு கட்ட வந்துரும்ணா" என்றேன்.

"ரெண்டு நிமிசம் பாப்பா. இன்னா ஆயிடப் போவுது?" என்று வண்டிக்கு அடியில் நுழைந்தாய்.

இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, பெட்டி நொறுங்கியது. வண்டி உன் மேல் இறங்கியது.

நீ போன பிறகு மீஞ்சூரிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தேன்; அவர் இரும்புத் தாங்கிகளில் வண்டியை ஏற்றினார். குழாயை வெட்டிப் பின்னால் தள்ளிப் பற்றவைத்தார். சக்கரம் அளவுக்கு மேல் தொங்காதபடி அச்சுக்கு இரண்டு பக்கமும் பெல்ட் கட்டினார். ஒரே மதியத்தில் வேலை முடிந்தது. "உங்க அண்ணன் கரெக்டா கண்டுபுடிச்சிகிறாரு" என்றார். அந்த மனுஷனை ஓங்கி அறையலாம் போலிருந்தது. ஒரு மதிய வேலைக்கு எவனாவது உயிரைக் கொடுப்பானா?

ஊரில் எல்லோரும் விதி என்கிறார்கள். அண்ணி ஜீப்பை விற்றுத் தொலை என்கிறாள். விற்க மாட்டேன். போன மழையில்கூட ஒரு பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றி, நான்தான் ஓட்டிக்கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். ஷாஃப்ட் எங்கும் உரசவில்லை.

ஒன்றை அண்ணியிடம் இன்றுவரை சொல்லவில்லை. மூன்று பெட்டி போதாது என்று வண்டியடியிலிருந்து நீ கை நீட்டினாய். நாலாவது பெட்டியை எடுத்துக் கொடுத்தவள் நான். அதன் ஓரத்தில் விரிசல் இருந்தது. பார்த்தேன். சொன்னால் எரிந்து விழுவாய் என்று வாயை மூடிக்கொண்டேன்.

இப்போதெல்லாம் யாராவது ஒரு வண்டிக்கு அடியில் தலையை நீட்டினால் குப்பமே திரும்பிப் பார்க்கும்படி கத்துகிறேன். பைத்தியம் என்கிறார்கள், சொல்லட்டும். அன்றைக்கு உன்னிடம் கத்தியிருக்க வேண்டும், அண்ணா.