ஜும்ஆ நேரத்து பேக்கப்

சனி இரவு

காலையில் கிளினிக் சேர்வரின் டிஸ்க் செத்துவிட்டது. நோயாளிகளின் விபரமெல்லாம் நான் பராமரிக்கும், காசில்லாமல் கிடைக்கும் ஓப்பன் சோர்ஸ் டேட்டாபேஸில்தான். மீட்கலாம் என்று பேக்கப் பிரதிகளைத் தேடினேன். ஒன்றுகூட இல்லை.

வெள்ளி ஜும்ஆத் தொழுகை நேரம் யாரும் கணினியைத் தொடமாட்டார்கள் என்றுதான் வாராந்த பேக்கப்பை அப்போது வைத்திருந்தேன்.

"ஜும்ஆவுக்குப் போகக்குள்ள மெயின் சுவிச்ச ஓஃப் பண்ணிட்டுத்தானே தம்பி போற நாங்க," என்றார் கிளினிக்கைப் பூட்டும் ஜவ்பர் நானா.

பேக்கப்பில் பிழை வந்தால் கணினியிலிருந்து எனக்குச் செய்தி வரும். அணைந்து கிடக்கும் கணினி என்ன செய்தி அனுப்பும்?

"சும்மா கிடைச்ச சாமான் எண்டா இப்பிடித்தான்," என்றார் கிளினிக் முதலாளி. பிழை டேட்டாபேஸில் இல்லை, நான் வைத்த நேரத்தில்.

பாண்டிருப்பிலிருந்து மருந்தெடுக்க வந்த ஒரு அம்மாவிடம், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று டொக்டர் கேட்டார்.

"அதெல்லாம் உங்கட கம்பியூட்டரிலதானே கிடக்கு."

டொக்டர் என் பக்கம் திரும்பினார்.