ஓம் என்று சொன்னேன்

நோபல் பார்க், 12.5.1975

அன்புள்ள தெய்வானைக்கு, முருகேசு சொல்ல மருமகள் மனோரமா எழுதுவது. நான் சுகம். உமது முழங்கால் நோவு குறைந்ததா?

என்னை இந்த வெள்ளைக்கார நாட்டிலேயே நிரந்தரமாக வைத்திருக்க மகன் பத்திரம் கொண்டுவந்திருக்கிறான். நான் இன்னும் கைநாட்டு வைக்கவில்லை.

சனிக்கிழமை அயலவர்கள் கூடி, இலங்கை எப்படிப்பட்ட நாடு என்று கேட்டார்கள். நான் லொறி ஓடிய வழியிலேயே சொன்னேன். மகன் இங்கிலீசில் சொன்னான். சுன்னாகத்தில் வெங்காயம் ஏற்றினால் ஆனையிறவில் உப்பளம், வவுனியாவில் குளமும் வயலும், கண்டி தாண்டினால் மலை முழுக்கத் தேயிலை. சித்திரை வருசம் எங்களுக்கும் சிங்களவருக்கும் ஒரே நாள் என்றேன். மாத்தளை பண்டா முதலாளி வருசா வருசம் உமக்குக் கட்டித்தந்த பலகாரத்தையும் சொன்னேன்.

ஒரு வெள்ளைக்காரக் கிழவி, இங்கே சந்தோசமா என்று விசாரித்தாள். சந்தோசம்தான் என்று "ஓம், ஓம்" போட்டேன். அவள் கண்கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டாள். இங்கிலீசில் 'ஹோம்' என்றால் வீடாம். வீட்டுக்குப் போகக் கேட்கிறேன் என்று நினைத்துவிட்டாள்.

"திருத்திச் சொல்லட்டோ ஐயா?" என்று மகன் சிரித்தான்.

"விடடா," என்றேன்.

இதைக் கேட்டதும் மனோரமா பேனையை நிறுத்திவிட்டாள். "மாமா, அப்ப மெய்யாவே போகப்போறியளோ?"

"எழுது பிள்ளை."

என் சாய்மனைக் கதிரையை வெயிலில் போட்டு மூட்டைப்பூச்சி போக்கி வையும். மகன் வேலைக்குப் புறப்படுகிறான். கடிதத்தைத் தபாலில் போட அவன் கையிலேயே கொடுக்கிறேன்.

உம்முடைய
முருகேசு